வெர்னா டோபெக்கும் கொடுக்கில்லாத நண்டும்

வெர்னா டோபெக்குக்கு நண்டு பிடிக்காது. தின்னவும் பிடிக்காது, பார்க்கவும் பிடிக்காது. நாயும் பூனையும்கூட அப்படித்தான். சுருக்கமில்லாமல் விரித்த படுக்கை ஒன்றுதான் அவளுக்கு இந்த உலகத்தில் பிடித்த பொருள். அதனால் அவள் ஏதோ இளகிய மனசுக்காரி, வாயில்லாத ஜீவனைக் கண்டால் உருகிவிடுகிறவள் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். அவள் அந்த நண்டைக் காப்பாற்றப் புறப்பட்டது கோபத்தில். முழுக்க முழுக்கக் கோபத்தில். நான் கூடவே இருந்து பார்த்தவன்.

எங்கள் மோட்டல் நியூ ஜெர்சிக் கடற்கரையில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அங்கே பழுது பார்க்கிறவன். குழாய், ஏசி, நீச்சல் குளத்து மோட்டார், எது நின்றாலும் "லூ எங்கே?" என்று கத்துவார்கள். வெர்னா அறை சுத்தம் செய்கிற பெண்களுக்குச் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் மட்டி உரிக்கிற ஆலையில் கத்தி பிடித்தவள். ஆலையை இழுத்து மூடியதும் இங்கே வந்தாள். வந்ததிலிருந்து அடுத்தவன் அழுக்கைத்தான் அள்ளிக்கொண்டிருக்கிறாள். அறுபதை நெருங்கிவிட்டாள். குள்ளம், அகலம், குரல் மட்டும் கப்பல் சங்கு மாதிரி.

சனிக்கிழமைதான் எங்களுக்கு நரகம். காலையில் ஒரு கூட்டம் காலி செய்யும், மதியத்துக்குள் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். போகிறவர்கள் விட்டுப்போவதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஈர நீச்சலுடை, பாதி பீட்சா, உடைந்த குடை, ஒரு முறை பல்செட். எல்லாவற்றுக்கும் மேலாக நண்டு.

கடலை ஒட்டி மரப்பலகை போட்ட நடைபாதை ஒன்று உண்டு. அந்தப் பலகைப்பாதையில் துறவி நண்டு விற்காத கடை கிடையாது. "நண்டு இலவசம், கூண்டுக்கு மட்டும் காசு" என்று எழுதிப்போட்டிருப்பான். சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு திரிகிற நண்டு. அந்தச் சங்கின் மேல் சிரிக்கிற மூஞ்சி, கால்பந்துத் தொப்பி, பூ என்று கண்டதையும் பெயின்ட் அடித்து வைத்திருப்பான். பிள்ளைகள் அடம்பிடிக்கும். அப்பன் வாங்கிக் கொடுத்துத் தொலைப்பான். ஒரு வாரம் முடிந்ததும் காரில் இடம் இருக்காது. "அந்த நாத்தம் என் வண்டியில ஏறாது" என்பாள் அம்மாக்காரி. நண்டு எங்கள் குளியல் தொட்டியில் கிடக்கும்.

முதலில் கிடைத்த நண்டுகளை வெர்னா கடைக்காரன் சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். கம்பிக் கூண்டு, ஒரு ஸ்பாஞ்ச், அதில் குழாய்த் தண்ணீர், ஒரு துண்டு பிஸ்கட். எல்லாம் செத்துப்போயின. அவள் அழவில்லை. நூலகத்துக்குப் போனாள். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு, மூஞ்சி சிவந்து திரும்பி வந்தாள்.

"லூ, அவன் சொன்னது ஒண்ணுகூட உண்மையில்லடா. ஒண்ணுகூட. குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரின் அதுக்கு விஷம். கம்பிக் கூண்டுல காத்து காஞ்சு போனா அதுக்கு மூச்சு முட்டும். வாரக்கணக்குல மூச்சு முட்டி முட்டிச் சாகும். சாகறதுக்குன்னே கூண்டு பண்ணி விக்கிறான்!"

அதற்கப்புறம் ஒரு ஜூலைச் சனிக்கிழமை, பதினான்காம் எண் அறையில் ஐஸ் வாளியைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் பெயின்ட் அடித்த, சிரிக்கிற மூஞ்சி போட்ட சங்கு ஒன்று. சங்கின் வாயில் கொஞ்சம் காலும் கண்ணும் தெரிந்தன. நான் அந்த அறையில் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இதைப் பாரு, லூ. பாரு இதை."

பார்த்தேன். பெரிய கொடுக்கு இல்லை. அந்தப் பக்கத்துக் கால்கள் இரண்டும் இல்லை. வேரோடு பிடுங்கின மாதிரி இருந்தது. பிள்ளைகள் சங்கிலிருந்து வெளியே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது வராது. உடம்பு பிய்ந்தாலும் சங்கை விடாத சாதி அது.

"செத்துடுச்சா?"

"சாகல. அதான் கொடுமை."

"கொண்டுபோய் கடல்ல விட்டுரு."

"விட்டா மூழ்கிச் சாகும். இது தரை நண்டு, வெயில் நாட்டுல இருந்து அள்ளிட்டு வர்றது. பொறந்ததுலேருந்து கடலோரம் குடியிருக்க, இதுகூடத் தெரியல உனக்கு. போ, போய் அந்த ஏசியையாவது ஒழுங்காப் பாரு."

ஆபீசுக்குப் போய் பதினான்காம் எண்ணில் தங்கியிருந்தவனுக்கு போன் போட்டாள். நான் அவள் பின்னாலேயே போனேன். அவளை அந்த மூஞ்சியோடு தனியாக விடுவது நல்லதில்லை.

"உங்க நண்டை இங்க விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "ஓ, அதுவா? பசங்க மறந்தே போச்சுங்க. தூக்கிக் குப்பையில போட்டுருங்க."

"நீ வா. வந்து நீயே உன் கையால போடு" என்றாள் வெர்னா. ரிசீவரை வைத்த வேகத்தில் மேசையில் இருந்த சாவியெல்லாம் குதித்தன. முதலாளி அதற்காக அவளைத் திட்டினார். விருந்தாளியிடம் அப்படிப் பேசக்கூடாதாம். விருந்தாளியாம்!

அன்றிலிருந்து அது அவள் பொறுப்பு. "என் அறையில எதுவும் சாகாது" என்றாள். அதற்கு மேல் காரணம் கேட்டவர்களுக்கு ஈரத் துண்டால் அடிதான் கிடைத்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சலவை அறையில் மனுஷனால் நிற்க முடியாது. டிரையர் எல்லாம் ஓடும்போது சூடும் புழுக்கமும் மூஞ்சியில் அறையும். நண்டுக்கோ அது சொர்க்கம். டிரையர்களுக்கு மேலே இருந்த கம்பித் தட்டில், யாரோ வேண்டாமென்று போட்ட மீன் தொட்டியை வைத்தாள். ஈர மணலைக் கை மூழ்கும் ஆழத்துக்குக் கொட்டினாள். ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் குளோரின் எடுத்த நல்ல தண்ணீர். மேலே ஒரு கண்ணாடி மூடி. உப்புப் போடாத அவித்த முட்டை, சிப்பித் தூள், வாழைப்பழம் என்று ஊட்டினாள். ஊட்டினாள் என்றால் சும்மா இல்லை. பெரிய கொடுக்கு இல்லாத அது சின்னக் கொடுக்கால் எதையும் கிழிக்கத் திணறும். இவள் புருவம் பிடுங்கும் சாமணத்தால் நார் நாராகப் பிய்த்து அதன் முன்னால் வைப்பாள். வைத்துக்கொண்டே திட்டுவாள். "தின்னு. தின்னுத் தொலை. உனக்காக நான் மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு நிக்கறேன்."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பேஷன்ட் எப்படி இருக்காரு?" என்று ஒருத்தி தினமும் கேட்பாள். "உன்னைவிட நல்லா வேலை செய்யறாரு. மேல் மாடித் துண்டெல்லாம் மடிச்சாச்சா?" என்பாள் வெர்னா.

சாயங்காலம் அவள் புருஷன் எல்வுட் பிக்கப் வண்டியில் அவளைக் கூட்டிப்போக வருவான். மட்டிப் படகில் ஆயுசைக் கழித்த ஆள். கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி. ஆனாலும் அந்த நண்டின் கண்ணைப் பார்க்கமாட்டான். இரண்டு காம்பு மேல் நின்று தன்னையே முறைக்கிறது என்பான். வாசலிலேயே நின்றுகொள்வான்.

"என்னை ஒருநாளாவது இப்படிக் கவனிச்சிருக்கியா, வெர்னா?"

"உனக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே. அதுவும் சும்மாவேதான இருக்கு."

எல்வுட் சிரிப்பான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசவும் விடமாட்டாள்.

ஆகஸ்டில் வெர்னாவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். அறுத்து எடுக்க வேண்டும். சீசன் நடுவில் அறுவையா என்று டாக்டரோடு சண்டை போட்டாள். வலி ஜெயித்தது. போகிற அன்று என்னைச் சலவை அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நண்டு சோர்ந்து கிடந்தது. கண் பால் விழுந்த மாதிரி மங்கியிருந்தது. கால் போன இடத்தில் கண்ணாடிக் கூழ் மாதிரிச் சின்னச் சின்ன முளை தெரிந்தது.

"பாத்தியா? காலும் கொடுக்கும் உள்ள தயாராகுது. சட்டை உரிக்கப் போகுது, லூ. உரிச்சா முழுசா வெளிய வந்துரும். பழைய தோல் அப்படியே காலும் கையுமாக் கழண்டு கிடக்கும். அதையே தின்னுதான் புதுத் தோலைக் கெட்டியாக்கும். அதுவரைக்கும் பச்சைப் புண்ணு மாதிரி இருக்கும் உடம்பு. தொடாத. நாத்தம் அடிச்சாலும் தொடாத. செத்த மாதிரி கிடந்தாலும் தொடாத. சுவத்துக்குத் தண்ணி அடி, மூடியை மூடு, போ."

"சரி."

"என்ன சொன்னேன், சொல்லு."

"தொடாத."

"கிளிப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் தொடவில்லை. இந்தக் கதையில் என்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் மேல் மாடிக் கூரையில் ஏசிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், எல்வுட் அவளுடைய செருப்பை எடுக்கச் சலவை அறைக்கு வந்திருக்கிறான். வந்தவன் வாசலிலேயே நிற்காமல் தொட்டியை எட்டிப் பார்த்திருக்கிறான். மணல் மேல் கால்கள் தனித்தனியாகக் கிடந்திருக்கின்றன. சின்னக் கொடுக்கும் ஒரு பக்கம். மீன் கெட்ட வாடை வேறு. சங்கைக் காணோம்.

அது செத்து உதிர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். வயிற்றில் தையலோடு வருகிறவள் முதலில் இதையா பார்ப்பது என்று பதறிப்போனான். எங்கள் ஊரில் எல்லா அப்பன்களும் செய்கிற காரியத்தைத்தான் அவனும் செய்தான். பிள்ளை தூங்குகிற நேரத்தில் நண்டு செத்துப்போனால், அது எழுவதற்குள் அப்பன் பலகைப்பாதைக்கு ஓடுவான். அதே அளவு, அதே பெயின்ட், அதே மூஞ்சி போட்ட இன்னொன்றை வாங்கி வந்து கூண்டில் விட்டுவிடுவான். பிள்ளைக்குத் தெரியாது. இங்கே வளர்ந்த பாதிப் பேர் அப்படி மூன்று நான்கு நண்டை ஒரே நண்டு என்று நம்பி வளர்ந்தவர்கள்தான். அங்கே விக் ஸ்கார்ப்பா என்று ஒருத்தன், அவன் கடையில் செத்ததைக் கொண்டுவந்து காட்டினால் புது நண்டு இலவசம். பெயின்ட் அடித்த சங்குக்குத்தான் காசு. எல்வுட் உதிர்ந்ததையெல்லாம் ஒரு காபிக் கப்பில் அள்ளிக்கொண்டு போனான். மஞ்சள் மூஞ்சி போட்ட புது நண்டோடு வந்தான். அதைத் தொட்டியில் விட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தண்ணீர் அடிக்கப் போன எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எப்போது போனாலும் மணலுக்குள்தான் இருந்தது. தோண்டின தடம் மட்டும் தெரிந்தது. சொன்னபடி உரிக்கிறது போல என்று மூடியை மூடிவிட்டு வந்தேன்.

வெர்னா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவேயில்லை. நேரே மோட்டலுக்கு விடச் சொன்னாள். வயிற்றில் ஒரு தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சலவை அறைக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து நண்டு மேலே வந்திருந்தது. சிப்பித் தூளைக் கிளறிக்கொண்டிருந்தது. பளபளவென்று, ஊதா நிறத்தில், பெரிய கொடுக்கோடு.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதலில் ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"லூ" என்றாள். சத்தமே இல்லை. அவள் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். "இது யாரு?"

"யாருன்னா? உன் நண்டுதான்."

"புதுசா முளைச்ச கொடுக்கு இவ்வளவு பெருசா வராது. இது என் நண்டு இல்ல. என் நண்டு எங்க?"

நான் எல்வுட்டைப் பார்த்தேன். எல்வுட் தரையைப் பார்த்தான். அந்தத் தரையில் பார்க்க ஒன்றுமில்லை.

"எல்வுட்."

"செத்துடுச்சும்மா. நீ வந்து பாத்து வருத்தப்படுவேன்னு…"

"எப்படிச் செத்துச்சு? எப்படிக் கிடந்துச்சு?"

"காலெல்லாம் தனித்தனியா. கப்புல அள்ளிட்டுப் போயி விக்கிட்ட…"

"சங்கு?"

"சங்கைக் காணோம். உள்ள எங்கயாவது இருக்கும்னு விட்டுட்டேன்."

வெர்னா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன் போடுடா லூ" என்றாள். "அந்த விக்குக்குப் போடு."

சலவை அறைச் சுவரில் இருந்த போனில் போட்டேன். கடை இரைச்சல், பின்னால் பாட்டு. அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"பெரிய கையோட ஒரு ஆள் காபிக் கப்புல நண்டுக் கால் கொண்டாந்தாரே, ஞாபகம் இருக்கா? அது உள்ள சதை இருந்துச்சா, வெத்துத் தோலா?"

விக் சிரித்தான். எனக்குக் கேட்டது. "வெத்துத் தோலு, மேடம். சட்டை உரிச்சிருக்கு. பாத்ததுமே தெரியுமே!"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"அவர் நண்டு கேட்டாரு. நான் நண்டு கொடுத்தேன். சட்டையா சவமான்னு வகுப்பு எடுக்க எனக்கு நேரமில்ல மேடம். வரிசையில ஆள் நிக்குது."

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. திரும்பிப் பார்த்தால் தொட்டியின் மேல்பரப்பு கிட்டத்தட்ட காலி. மஞ்சள் மூஞ்சி மறுபடியும் மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் மட்டும் ஆடி ஆடி மறைந்தது.

"அது உயிரோட இருக்கு" என்றாள். "மேலயே சட்டையை உரிச்சிட்டு இந்த மணலுக்குள்ள போயி, அம்மணமா, ஜெல்லி மாதிரி கிடக்கு. இந்தத் தடியன் அதை மோப்பம் பிடிச்சிட்டான். தோண்டி எடுத்துத் தின்னுருவான். உரிச்ச நண்டு இதுங்களுக்கு விருந்து. நீ என்ன பண்ணியிருக்க தெரியுமா, எல்வுட்? பச்சப்புள்ளத் தொட்டில்ல ஓநாயை விட்டிருக்க!"

எல்வுட்டின் முகம் வெளுத்துவிட்டது. "தோண்டி எடுத்துடலாம், இப்பவே…" என்று கையை நீட்டினான்.

"தொடாத! குருட்டுத்தனமாத் தோண்டினா மணல் சரிஞ்சு அதுமேல விழும். நசுங்கிப் போயிரும்."

தோண்டினாலும் சாவு, தோண்டாவிட்டாலும் சாவு. எனக்கு ஒரே ஒரு யோசனை வந்தது. தட்டு கம்பித் தட்டு, தொட்டியின் அடி கண்ணாடி. டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரையர் மேல் ஏறி மல்லாக்கப் படுத்தேன். ஓடிக்கொண்டிருந்த டிரையர். முதுகு வெந்தது. மேலே வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்.

தெரிந்தது. ஒரு மூலையில் அடிக் கண்ணாடியை ஒட்டி, மணலுக்குள் ஒரு சின்னக் குகை. அதற்குள் வெளிறிப்போய், சங்குக்குள் பாதியும் வெளியே பாதியுமாக அது. அசையவில்லை. பக்கத்தில், கட்டைவிரல் அகலம்கூட இல்லாத மணல் சுவருக்கு அந்தப்புறம், கால்கள் சுரண்டிக்கொண்டிருந்தன.

"ஜன்னல் பக்க மூலை! அவன் பக்கத்துலயே வந்துட்டான், வெர்னா!"

"எந்தப் பக்கமா வர்றான்? ஒழுங்காச் சொல்லு!"

"கதவுப் பக்கமிருந்து. நீ கதவுப் பக்கமாத் தோண்டு. இன்னும். இன்னும். நில்லு, நில்லு! கொஞ்சம் உன் பக்கம்."

அவள் காபி ஸ்பூனால் தோண்டினாள். எக்கி நிற்க முடியவில்லை. தையல் இழுத்தது. "ஐயோ" என்று ஒரு முறை சொன்னாள், அவ்வளவுதான். கை எட்டாத ஆழம் வந்ததும் விலகினாள்.

"எல்வுட், கையை விடு."

"நானா?"

"நீதான கொண்டாந்த. பின்பக்கம் சங்கைப் பிடிச்சு நேரா மேல தூக்கு. ஆட்டாத."

எல்வுட் கண்ணை மூடிக்கொண்டான். சத்தியமாக மூடிக்கொண்டான். அந்தத் துடுப்புக் கை மணலுக்குள் போனது. கீழிருந்து பார்க்கிற எனக்கு அவன் விரல் நுனி தெரிந்தது. மணல் சுவரில் ஒரு துண்டு உதிர்ந்தது. அந்தச் சுரண்டுகிற கால்கள் உள்ளே நுழைய எட்டின. மறு நொடியே மேலே இழுபட்டு மறைந்துவிட்டன. எல்வுட் நண்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அது காற்றில் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

நான் ஒரு பெரிய சோடா பாட்டிலின் அடியையும் கழுத்தையும் அறுத்து, அந்தக் குகையைச் சுற்றி மணலில் மெல்ல அழுத்தி வேலி போட்டேன். இனி எதுவும் நெருங்காது. மணலும் சரியாது.

வெர்னா அப்போதும் உட்காரவில்லை. "அதோட தோல் எங்க?" என்றாள். "அதான் அதுக்குச் சாப்பாடு. அது இல்லன்னா புதுத் தோல் இறுகாது, கொடுக்கும் நிக்காது. வண்டியை எடு."

"நாளைக்குப் போலாம், வெர்னா. தையல்…" என்றான் எல்வுட்.

"வண்டியை எடுன்னேன்."

மூன்று பேரும் போனோம். சாயங்கால நேரம். பலகைப்பாதையில் நிற்க இடமில்லை. வெர்னா வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பெயர்ப் பட்டை கையில் தொங்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். விக் ஸ்கார்ப்பா கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். மூக்கெல்லாம் சன்ஸ்கிரீன் பூசி, குரங்குப் பல் காட்டிக்கொண்டு. சுற்றிலும் கம்பிக் கூண்டு, ஒன்றின்மேல் ஒன்று.

"என் நண்டோட தோலைக் கொடு."

விக் கொஞ்சம் யோசித்தான். "அட, நீங்களா? அது அந்த வாளியில எங்கயாவது கிடக்கும் மேடம். குப்பை. விடுங்க. இந்தாங்க, இன்னொண்ணு எடுத்துக்குங்க. ஃப்ரீ."

ஃப்ரீ என்றான். அந்த வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெர்னா என்ன சொன்னாள் என்று முழுதாக எழுத முடியாது, இதைப் பிள்ளைகளும் படிக்கலாம். எழுதக் கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

"அந்த ஸ்பாஞ்ச் எதுக்குன்னு சொல்லு இவங்களுக்கு. சொல்லுடா! இந்தக் கூண்டுல எத்தனை வாரம் உயிரோட இருக்கும்னு சொல்லு. செத்துச்சா உரிச்சுச்சான்னு பாத்ததுமே தெரியுமாமே உனக்கு? தெரிஞ்சுகிட்டே எத்தனை பேரை உயிரோட இருக்கிறதைக் குப்பையில போட வச்ச?"

கையில் கூண்டோடு நின்ற ஒரு அம்மா அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு விலகினாள். விக்கின் பல் மறைந்தது.

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. நான் உக்காந்துக்கறேன், எனக்குத் தையல் வலிக்குது" என்று அவன் சங்கு மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.

இந்தச் சத்தத்தில் எல்வுட்டை எல்லாரும் மறந்துவிட்டோம். அவன் கல்லாவின் ஓரத்தில் மண்டியிட்டு அந்த வாளியைக் கிளறிக்கொண்டிருந்தான். நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உண்மையிலேயே செத்ததும் இருந்தது, வெறும் தோலும் இருந்தது, இரண்டும் கலந்து. எல்லாவற்றையும் வெறும் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பெரிய கொடுக்கில்லாத தோல் ஒன்றுதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கண்டுபிடித்தான். சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

எழுந்து விக்கின் முன்னால் வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் எல்வுட் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"நான் உன்கிட்ட கேட்டேன். 'இது செத்துடுச்சுல்ல?'ன்னு கேட்டேன். நீ தலையை ஆட்டின."

"அது… கூட்டத்துல…"

"தலையை ஆட்டின."

அவ்வளவுதான் பேசினான். பிறகு அந்த "நண்டு இலவசம்" போர்டை ஆணியிலிருந்து பிடுங்கினான். கிட்டத்தட்ட ஒரு கதவு அகலம் இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் பெண்டாட்டியை எழுப்பி, நடந்தான். விக் தடுக்கவில்லை. நானாக இருந்தாலும் தடுத்திருக்கமாட்டேன்.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் மோட்டலுக்கு வந்தார். போர்டைப் பற்றி விசாரித்தார். வெர்னா தொட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் எக்கி சோடா பாட்டிலுக்குள் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "என் பொண்ணோடதை நான் கழிவறையில போட்டு ஃப்ளஷ் பண்ணேன்" என்றார். "அதுவும் நீங்க சொன்ன மாதிரித்தான், காலெல்லாம் தனித்தனியாக் கிடந்துச்சு." தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போர்டைப் பற்றி அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. விக் புதிதாக ஒன்று எழுதி மாட்டிவிட்டான். அடுத்த கோடையிலும் விற்பான். அதற்கடுத்த கோடையிலும் விற்பான். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அந்தத் தோலைக் கழுவி, நொறுக்கி, பாட்டிலுக்குள் மணல் மேல் தூவினாள் வெர்னா. புது நண்டை எல்வுட் தலையில் கட்டினாள். "நீ கொண்டாந்தது. நீயே வளர்த்துக்க" என்றாள். அது இப்போது அவர்கள் வீட்டுச் சமையலறையில் வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் தனித் தொட்டியில் இருக்கிறது. எல்வுட் அதன் கண்ணைப் பார்க்கப் பழகிவிட்டானாம். அவளுக்குத் தெரியாமல் அதனோடு பேசுகிறானாம். அவளுக்குத் தெரியும்.

சலவை அறையில் ஒன்றும் அசையவில்லை. அறுவை முடிந்தவள் வீட்டில் படுத்திருக்க வேண்டிய நாட்களில் வெர்னா துண்டு மடித்துக்கொண்டு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூவின தோல் அப்படியே கிடந்தது. பெண்கள் பேஷன்ட் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் எரிச்சல். "என்ன, துக்கம் விசாரிக்கிற மூஞ்சியோட சுத்தறீங்க? போங்கடி வேலையைப் பாத்துக்கிட்டு."

ஒருநாள் காலை தூவினதில் பாதியைக் காணோம்.  வெர்னா என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் ஊரைவிட்டு ஒழிந்து, பலகைப்பாதையில் பாதிக் கடை பூட்டிய வாரத்தில் அது மேலே வந்தது. நான் டிரையர் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். வெர்னா மூடியைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையை மணலில் வைத்தாள். அது அவள் கை மேல் ஏறியது. எல்லாக் காலும் இருந்தது. புதுக் கால்கள் இரண்டும் மெலிந்து வெளுத்துப் போயிருந்தன. பெரிய கொடுக்கு அளவில் பெரியதாக இல்லை, கடலைப் பருப்பளவு இருக்கும், வெளிர் ஊதா. ஆனால் இருந்தது. திறந்து மூடியது.

அவள் அதை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். அது அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதையைக் கவ்வியது.

"அம்மாடி!" என்று அலறினாள். "சனியனே! நன்றி கெட்ட நாயே! விடுடா! உனக்குப் போயி நான்…"

ரத்தம் வந்துவிட்டது. நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். குழாய்த் தண்ணீரில் காட்டினால் விட்டுவிடும் என்று கையை இழுத்தேன். அவள் என்னை இடது கையால் தள்ளிய தள்ளில் துண்டு வண்டியில் போய் விழுந்தேன்.

"குளோரின் தண்ணிடா அது! கிட்ட வந்தா கொன்னுருவேன்!"

"கையில ரத்தம் வருது, வெர்னா!"

"வரட்டும்! எவ்வளவு பலமாப் பிடிக்குது பாரு. எந்தக் கொடுக்கால பிடிக்குது, பாத்தியா நீ? பாத்தியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. வலிதான் என்று பிறகு சத்தியம் செய்தாள். அது தானாக விடுகிற வரைக்கும் கையை அசைக்கவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை.